புயல், சூறைக்காற்று, வெள்ளம்: வேலூர் வட்டாரத்தில் வீட்டைக் காப்பதும் காப்பீட்டுக் கிளைம் வாங்குவதும்

வேலூருக்குக் கடல் இல்லை, புயல் எங்கே வரப்போகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாண்டஸ் என்று கரையைக் கடந்த புயல்கள் வலுவிழந்தபடியே பழைய வட ஆற்காடு மண்ணுக்கு மேல்தான் நகர்ந்தன. உள்ளே வரவரக் காற்றின் வேகம் குறையும். மழை அப்படிக் குறையாது.

அடுத்தது கோடைச் சூறை. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து, அரை மணி நேரத்தில் சிமெண்ட் ஷீட்டையும் வாழைத் தோப்பையும் புரட்டிப்போட்டுவிட்டுப் போய்விடும். புயலுக்குப் பெயர் உண்டு, நான்கு நாள் முன்னறிவிப்பு உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. கோடைச் சூறைக்கு எதுவும் கிடையாது. காட்பாடியில் ஒரு தெருவில் அடிக்கும், அடுத்த தெருவில் தூசிகூடப் பறக்காது. கிளைம் போடும்போது இந்த வித்தியாசம்தான் பெரிதாக நிற்கும். காற்று அடித்தது என்பதையே நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

உயிர்ச்சேதத்தைப் பார்த்தால் இங்கே காற்றைவிடச் சுவருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2021 நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் தொடர்மழையில் ஊறிய சுவர் இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். மண் சுவர், மண் சாந்தில் கட்டிய கல் சுவர், அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய காம்பவுண்டு சுவர் ஆகியவை மழை பெய்யும்போதுதான் விழும் என்றில்லை. மழை விட்டு வெயில் வந்த பிறகும் விழும். ஊறிய சுவரின் அடிமண் இளகியிருக்கும், சுவரோ தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும்.

எச்சரிக்கையை எப்படி வாசிப்பது

வானிலை மையம் சொல்லும் அளவுகளைச் செ.மீ. கணக்கில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செய்யவேண்டியதை இப்போதே செய்யுங்கள் என்று பொருள்.

ஆற்றோரம் இருப்பவர்களுக்கு உள்ளூர் மழை மட்டும் போதாது, மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலாறு ஆண்டு முழுக்க வெறும் மணலாகக் கிடப்பதால் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது ஆறு என்பதே நினைவிருக்காது. சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணையில் தண்ணீர் திறந்தால் பொன்னையாறு பெருகும், அது வந்து பாலாற்றில் சேரும். மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கௌண்டன்ய ஆறு குடியாத்தம் ஊருக்குள் எட்டிப்பார்க்கும். வேலூர் நகருக்குள் நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் முதலில் தண்ணீர் ஏறும். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதே அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: 2021-ல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது? சுவரில் கறை இருந்தால் அதுவே பதில்.

எண்களை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டுவையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. இடி மின்னலுக்கு ‘தாமினி’ செயலி, மாநில எச்சரிக்கைகளுக்கு ‘டி.என். அலர்ட்’ செயலி.

மழைக்கு முன் ஒரு நாள் வேலை

மொட்டை மாடியில் தொடங்குங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 9,000 லிட்டருக்கு மேல், எடையில் 9 டன். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தால் ஒரு நாள் கனமழையே அதைச் செய்துவிடும். குழாய் வாய்களைச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கீழே முழுதாக வந்து விழுகிறதா என்று பாருங்கள். மேலே சுத்தமாகத் தெரியும் குழாய் நடுவில் அடைத்திருப்பது வழக்கம்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன். காலியாக இருந்தால் ஓர் ஆள் தூக்கிவிடலாம், காற்றும் தூக்கிவிடும். மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். மாடியில் கிடக்கும் பழைய கதவு, தகரம், பூந்தொட்டி எல்லாம் கீழே இறங்க வேண்டும். உங்கள் மாடித் தகரம் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால், உங்கள் வீட்டுப் பாலிசி பொதுவாக அதற்குப் பணம் தராது.

ஷீட் கூரைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். சிமெண்ட் ஷீட்டோ தகரமோ, காற்று முதலில் பிடிப்பது ஓரங்களையும் மூலைகளையும்தான். ஓர வரிசையில், ஷீட்டைக் கீழே உள்ள குறுக்குப் பைப்போடு பிடித்திருக்கும் ஒரு ஜே போல்ட் தளர்ந்தால் அந்த ஷீட் படபடக்கத் தொடங்கும், ஐந்து நிமிடத்தில் பக்கத்துப் போல்ட்டின் துளையை அகலமாக்கிவிடும், பிறகு வரிசையாகப் போகும். ஆகவே ஓர வரிசைப் போல்ட்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். போல்ட் ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டிருந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கும். சிமெண்ட் ஷீட்டின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள், அங்கேயே கீறல் விழும். வேலை செய்யும்போது ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். கீழே குறுக்குப் பைப் ஓடும் கோட்டின் மேல் பலகை போட்டு, அதன்மேல் போங்கள். பழைய ஷீட் உடைந்து விழுந்து முதுகு முறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

ஷீட்டின் மேல் கல்லும் செங்கலும் அடுக்குவது நம் ஊர் வழக்கம். காற்று பலமானால் அதே கல் உருண்டு யார் தலையிலாவது விழும். கனம் வேண்டுமென்றால் 15, 20 கிலோ மணல் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்குமாறு குறுக்குப் பைப் இருக்கும் கோட்டில் போடுங்கள்.

தென்னை வீட்டை ஒட்டி நின்றால் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் ஐப்பசிக்கு முன் இறக்கிவிடுங்கள். மின்கம்பியில் உரசும் கிளையை நீங்களே வெட்டக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

அடுத்து செய்யவேண்டியதுதான் பலரும் விட்டுவிடுவது. போனை எடுத்து வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுங்கள். கதவு எண் தெரியும்படி வாசலில் தொடங்கி, நான்கு வெளிச்சுவர், கூரை, பிறகு ஒவ்வோர் அறை, பீரோவுக்குள் இருப்பது, டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண் வரை. பத்து நிமிட வேலை. கிளைமில் பணம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், ‘இது முன்பே இப்படித்தான் இருந்தது’ என்ற சந்தேகம். முந்தைய மாதத்து வீடியோ அந்தப் பேச்சை எழவே விடாது. பாலிசி, பத்திரம், சொத்துவரி ரசீது ஆகியவற்றின் போட்டோவையும் சேர்த்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். போனே தண்ணீரில் போகலாம்.

காற்றும் இடியும் அடிக்கும்போது

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் வரும்வரை ஆகும் வினாடிகளை 3-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 வினாடிக்குள் சத்தம் வந்தால் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நிலத்தில் வேலை செய்பவர்கள் புளிய மரத்தடிக்கு ஓடுவதும், பம்புசெட் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்பதும் ஆபத்து. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பாதுகாப்பு. பைக்கில் போகிறவர்களுக்கு அது கிடையாது.

வீட்டுக்குள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். காற்று ஒரு பக்கமாக உள்ளே புகுந்தால் கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். ஷீட் கூரை போவது இப்படித்தான். ஷீட் வீட்டில் இருப்பவர்கள் தளம் போட்ட அறைக்கு, அது இல்லையென்றால் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடத்துக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். ஊறிய சுவரை ஒட்டிப் படுக்காதீர்கள். சுவரில் புதிதாகக் கீறல், கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, மண் உதிர்வது இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் சாமான் எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள்.

தண்ணீர் வாசல் ஏறுகிறது என்றால், அது சுவிட்ச் பெட்டியைத் தொடும் முன், உலர்ந்த இடத்தில் நின்று மெயினை இறக்குங்கள். நீங்கள் நிற்பது தண்ணீரில் என்றால் மெயினைத் தொடாதீர்கள், மின்னகத்துக்குச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, மற்றவர்களையும் நிறுத்துங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், ஆழம் முழங்கால் அளவுதான் என்று தெரிந்தாலும் இறங்காதீர்கள். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது.

உங்களிடம் இருப்பது என்ன பாலிசி

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கும்போது ‘இன்சூரன்ஸ் போட்டாச்சு’ என்று சொல்லியிருப்பார்கள். அது பல நேரம் கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. கூரை பறந்தால் அதில் ஒரு ரூபாய் வராது. காகிதத்தை எடுத்து, காப்பீடு செய்யப்பட்டது ஆளா, கட்டடமா என்று பாருங்கள். கட்டடம் என்றாலும் தொகை கடன் பாக்கி அளவுக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும். புயல், சூறாவளி, வெள்ளம், மின்னல், நிலச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். நிலத்தின் மதிப்பு கணக்கில் வராது. கட்டடப் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கியதுதான் காப்பீட்டுத் தொகை. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலேயே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. மேலே சொன்ன வீட்டுக்கு அது 4 லட்சம். நகைக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை எல்லாம் கட்டடத்தின் பகுதியாகவே வரும். இடிபாடுகளை அள்ள கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை, என்ஜினீயர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை, வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகை ஆகியவையும் உண்டு. இவற்றைக் கேட்டு வாங்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் பீரோவையும் மெத்தையையும் காப்பாற்றாது. கூரை வீடு, ஓலைக் கொட்டகை என்றால் எடுக்கும்போதே அதைச் சொல்லி, பாலிசியில் எழுதி வாங்குங்கள். வீட்டைப் பல மாதங்கள் பூட்டி வைத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் அதற்கான நிபந்தனையைப் படித்துவிட்டுப் போங்கள்.

குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே தறி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது குழித்தறியின் குழிதான். தறியும் பாவும் நூலும் வீட்டுச் சாமான் கணக்கில் வராது, அது தொழில். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று தனிப் பாலிசி இருக்கிறது. அதில் தொகையைக் குறைத்துப் போட்டால் அடி விழும். கடையில் 20 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் மதிப்பிடுவார்கள். 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் பொருட்படுத்த மாட்டார்கள். வீட்டுப் பாலிசியில் இந்த விகிதக் கழிவு இல்லை. ஆனாலும் பரப்பைச் சரியாகச் சொல்லுங்கள்.

எது கிடைக்காது? மூன்று விஷயங்களில்தான் சண்டை வரும். முதலாவது கசிவு. தளத்தில் பழைய வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கிச் சுவர் பூத்துப்போனால் அது பராமரிப்புக் குறை, புயல் சேதம் ஆகாது. காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது புயல் சேதம். இரண்டாவது மின்சாதனம். மின்னல் அடித்து வோல்டேஜ் ஏறி டிவியின் போர்டு எரிந்தால் சாதாரண வீட்டுப் பாலிசி தராது. மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட்டால் அந்தச் சாதனத்துக்கே வரும் சேதம் விலக்கப்பட்டது, காரணம் மின்னலாக இருந்தாலும். அதற்கு மின்சாதனப் பழுதுக்கான கூடுதல் பாதுகாப்பு வேண்டும். அதே டிவி வெள்ளத்தில் மூழ்கினால் தருவார்கள். மூன்றாவது, உங்கள் சுவர் விழுந்து பக்கத்து வீட்டுக்கு ஏற்பட்ட சேதம். அது பிறருக்கான பொறுப்பு, தனிப் பாலிசி. மறுபக்கம், பக்கத்து வீட்டுத் தென்னை உங்கள் கூரையில் விழுந்தால் அவரோடு சண்டை போட வேண்டியதில்லை, உங்கள் பாலிசியிலேயே கேட்கலாம்.

கிளைம், வரிசைப்படி

1. சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். தெருவிலிருந்து முழு வீடு, பிறகு கூரை, பிறகு தண்ணீர் நுழைந்த வழி, பிறகு அறை, கடைசியாகப் பொருள். இந்த வரிசையில் எடுத்தால் படங்களே காரணத்தைச் சொல்லும். தண்ணீர் நின்ற கோட்டின் மேல் அளவு டேப் வைத்து ஒரு படம். கோடைச் சூறை என்றால் தெருவில் சாய்ந்த மரம், பக்கத்து வீட்டுச் சேதம், மறுநாள் உள்ளூர் பதிப்புச் செய்தி எல்லாம் வேண்டும். அன்றைய மழை அளவு பத்திரிகையிலேயே வரும், வெட்டி வையுங்கள்.

2. அன்றே நிறுவனத்தின் இலவச எண்ணில் சொல்லி, கிளைம் எண் வாங்குங்கள். அதையே மெயிலிலும் எழுதுங்கள். ஏஜெண்டிடம் சொன்னது மட்டும் கணக்கில் நிற்காது. பாலிசி எண், தேதி, நேரம், என்ன நடந்தது, தோராய மதிப்பு போதும். நடந்ததை நடந்தபடி, காரணத்தோடு சொல்லுங்கள். காற்றில் நான்கு ஷீட் பெயர்ந்து மழைநீர் உள்ளே வந்திருக்கும்போது, ‘வீடு ஒழுகுது சார்’ என்று சொல்லிவைத்தால் பதிவேட்டில் கசிவு என்று ஏறிவிடும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

3. சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. தார்ப்பாய் போடுங்கள், ஈரச் சாமானை மேலே ஏற்றுங்கள், பில் வாங்கி வையுங்கள். ஆனால் உடைந்த ஷீட், ஊறிய மெத்தை, வீங்கிய பிளைவுட் எதையும் தூக்கி எறியாதீர்கள். நாற்றம் தாங்காமல் அகற்றியே ஆகவேண்டும் என்றால் பட்டியல் போட்டு, படம் எடுத்து, ‘இவற்றை இன்று அகற்றுகிறோம்’ என்று மெயில் அனுப்பிவிட்டு அகற்றுங்கள். நிரந்தரப் பழுதுவேலையை, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை தொடங்காதீர்கள்.

4. சர்வேயர் வருவார். கிளைம் பதிவான 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும் என்பது 2024-ல் வந்த ஒழுங்குமுறை. பெரும் வெள்ளத்துக்குப் பிறகு நேரில் வர நாளாகும், விடாமல் நினைவூட்டுங்கள். சின்னச் சேதமென்றால் போட்டோவை வைத்தே முடிப்பதும் உண்டு. அவர் வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள், ஏணி தயாராக இருக்கட்டும். மேலே ஏறிப் பார்க்க முடியாத கூரையைக் கீழிருந்து பார்த்து எழுதிவிட்டுப் போனால் நட்டம் உங்களுக்குத்தான். பெயரையும் உரிம எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். காகிதங்களின் நகலை மட்டும் கொடுங்கள், கொடுத்ததற்கு மெயிலில் ஒரு வரி அனுப்புங்கள். இல்லாத சேதத்தை ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்லும் ஆசை பலருக்கு வரும். ஒன்று பொய் என்று தெரிந்தால் மொத்தத்தையும் மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

5. மதிப்பீட்டைப் பிரித்து வாங்குங்கள். ‘கூரை வேலை மொத்தம் 85,000’ என்று மேஸ்திரி ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் சர்வேயர் எதை வேண்டுமானாலும் வெட்டலாம். ஷீட் எத்தனை, என்ன நீளம், ஒன்றின் விலை, போல்ட் எத்தனை, குறுக்குப் பைப் எத்தனை அடி, கூலி எத்தனை ஆள் எத்தனை நாள், பழையதை இறக்கும் செலவு, ஜி.எஸ்.டி. என்று வரிவரியாக இருக்கட்டும். நான்கு ஷீட் உடைந்திருக்க மொத்தக் கூரையையும் மாற்றக் கேட்டால் கிடைக்காது. பழைய அளவு இப்போது கடையில் இல்லை என்றால் அதைக் கடைக்காரரிடம் எழுதி வாங்கி இணையுங்கள்.

6. கிளைம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பாலிசி நகல், சொத்துவரி ரசீது, படங்கள், மதிப்பீடு, இருக்கும் பில்கள், வங்கிக் கணக்கு விவரம் இதனுடன் போகும். சாமானின் பில் தண்ணீரில் போயிருந்தால் கடையில் மறுபிரதி, அட்டையில் பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்குப் பதிவு, பழைய வீடியோ ஆகியவை உதவும்.

7. சர்வேயர் அறிக்கை நிறுவனத்துக்குப் போன 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கழிவுகள் இருக்கும்: உடைசலுக்குக் கிடைக்கும் விலை, பாலிசியில் நீங்கள் ஏற்கவேண்டிய பங்கு இருந்தால் அது. தேய்மானம் என்று பெரிய தொகை கழித்திருந்தால் கேள்வி கேளுங்கள். வீட்டுப் பாலிசியில் கட்டடத்துக்குப் பழையபடி கட்டும் செலவுதான் அடிப்படை. வீட்டின் மேல் கடன் இருந்தால் பணம் வங்கிக்குப் போகலாம், பழுதுபார்க்க விடுவிக்கச் சொல்லி வங்கிக்கு முன்பே எழுதுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தாளில் உடன்பாடு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்றே மெயிலும் அனுப்புங்கள்.

வண்டி, மாடு, பயிர்

தண்ணீரில் நின்ற காரையோ பைக்கையோ ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். உள்ளே போன தண்ணீரோடு என்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். அது உங்கள் செயலால் வந்த சேதம் என்று மறுப்பார்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் தப்பலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு எதுவும் இல்லை.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தால் காது வில்லைதான் எல்லாம். வில்லை இல்லையென்றால் கிளைம் இல்லை. இறந்த மாட்டை வில்லை தெரியும்படி படம் எடுத்து, கால்நடை மருத்துவர் பரிசோதனை முடியும்வரை புதைக்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை போல உங்கள் நிலத்தில் மட்டும் விழுந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ செயலியிலோ வங்கியிலோ தெரிவிக்க வேண்டும். சாய்ந்த வாழையை வெட்டி அகற்றும் முன் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் பார்க்கட்டும். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், அந்தப் பயிர் ஏறியிருக்கிறதா என்பதை விதைத்த மாதமே பார்த்து வைப்பது நல்லது.

அரசு நிவாரணம் தனி

காப்பீடு இருக்கிறது என்பதற்காக அரசு உதவியை விட வேண்டாம். இல்லாதவர்களுக்கு அது மட்டும்தான் வழி. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்ததை உறுதி செய்யுங்கள். பட்டியல் வட்டாட்சியர் வழியாகப் போகும். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, பகுதி இடிந்த உறுதியான (பக்கா) வீட்டுக்கு 6,500, குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. சில புயல்களின்போது மாநில அரசு இதைவிடக் கூட்டி அறிவிப்பதும் உண்டு. வருவாய்த் துறையின் இந்தப் பார்வையிடல் அறிக்கையின் நகல் கிடைத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். காற்று அடித்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

மறுத்தால், குறைத்தால்

வாய்வார்த்தையாக மறுத்ததை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதே புகாரை, காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 எண்ணிலும் பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும், 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பைக் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டால் இவரிடம் போக முடியாது. ஆகவே முதலில் இங்கே, பிறகு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டு அவகாசம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தேதி வரிசையில் என்ன நடந்தது, எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு தந்தார்கள், எந்த இனத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். சர்வேயர் அறிக்கை, மேஸ்திரியின் வரிவரியான மதிப்பீடு, முதல் நாள் மெயில், மழைக்கு முந்தைய வீடியோ ஆகியவற்றை இணையுங்கள்.